கொக் அமைத்த குடற்பை

வைத்தியத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே வரிசைப்படுத்திக் கூறுவர். அம்மை நோய் ஒழிந்த கதையும், நச்சுக்கிருமிகள் அடங்கிய கதையும், நின்றுபோகவிருந்த இதயத்தை மீண்டும் இயங்க வைத்த கதையும் கேட்போர்க்கு இன்பம் தருவன. அக்கதைகளிலே நோயாளர் வைத்தியசாலையின் படிகளை விட்டிறங்கி வீடு செல்லும் காட்சியோடு திரை விழுந்துவிடும். அதன் பின்னர் அவர் எவ்வாறு வாழ்ந்தார்? பத்தாண்டு கழிந்தபோது அவர் நிலை யாது? முப்பதாண்டு கழிந்தபோது யாது? இவ்வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு சத்திரசிகிச்சையின் உண்மையான மதிப்பு இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிலேதான் தங்கியிருக்கின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் வரலாறொன்று 1967ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்தின் கோதன்பேர்க் நகரில் தொடங்கியது. நில்ஸ் கொக் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், பெருங்குடலை இழந்த நோயாளரின் சிறுகுடலைக் கொண்டே அவருடைய வயிற்றினுள் ஒரு பையை அமைத்தார். கழிவை உடலுக்கு வெளியே ஒரு பையில் ஏந்தித் திரிய வேண்டியிருந்தவர், அதனை உடலுக்குள்ளேயே அடக்கிவைத்து, தாம் விரும்பிய நேரத்தில் வெளியேற்றும் ஆற்றலைப் பெற்றார். செய்தி சிறிதெனத் தோன்றலாம். அந்த ஆற்றலை இழந்தவர்க்கே அதன் பெருமை விளங்கும்.

மலங்கழித்தல் பற்றிய பேச்சு அவைக்கு ஏற்றதன்று என்னும் எண்ணம் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தக் கூச்சம் இயல்பானதே. ஆயின், அக்கூச்சத்தின் காரணமாகவே இந்நோயாளரின் துன்பம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. வீட்டாரிடமும் சொல்ல நாணி, வெளியே செல்வதையும் விருந்துக்குப் போவதையும் திருமணத்தையும் கைவிட்டு வாழ்ந்தோர் பலர். ஆதலின், இவ்வரலாற்றை அறிய விரும்புவோர் அக்கூச்சத்தைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

உண்ட உணவு சிறுகுடலிலே செரித்து, அதன் சத்து உடலிற் சேர்கின்றது. எஞ்சுவது நீராகவே பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடல் அந்நீரை உறிஞ்சிக்கொள்ள, கழிவு இறுகுகின்றது. பெருங்குடலின் கடைப்பகுதியாகிய நேர்குடல் அதனைத் தேக்கிவைக்கின்றது. அதன் வாயிலிலுள்ள வளைதசை, உரிய நேரம் வரும்வரை காவல் செய்கின்றது. உறிஞ்சுதல், தேக்குதல், காத்தல் என்னும் இம்மூன்று பணிகளும் ஒழுங்காக நடைபெறும்வரை மனிதன் அவற்றை நினைப்பதேயில்லை.

இம்மூன்றையும் ஒருங்கே குலைப்பது பெருங்குடற் புண்ணழற்சி என்னும் நோய். இலண்டன் மாநகரின் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்பார் 1859ஆம் ஆண்டிலே இதனை வேறுபடுத்தி விவரித்தார். இந்நோய் பெரும்பாலும் இளவயதினரையே பற்றும். பெருங்குடலின் உட்தோல் புண்ணாகி இரத்தம் கசியும். கடுமையான நிலையில் ஒரு நாளில் இருபது முறைக்கு மேலும் வெளிக்குப் போக நேரும். உடல் மெலிந்து, இரத்தம் குன்றி, சிலர் இறப்பதும் உண்டு. நோய் பல்லாண்டு நீடிக்குமாயின் புற்றுநோய் தோன்றும் அபாயமும் மிகும். எனினும், இந்நோயிலே வைத்தியர்க்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நோய் பெருங்குடலோடும் நேர்குடலோடும் நிற்பதாகலின், அவற்றை முழுவதும் அகற்றிவிட்டால் குடலின் நோய் வேரோடு நீங்கும். நீங்கிய பின்னர் சிறுகுடலின் அறுபட்ட முனையை என் செய்வது என்பதே எஞ்சிய வினா.

குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொணர்ந்து ஒரு வாய் அமைக்கலாம் என்னும் எண்ணம் பழையது. 1710ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லித்ரே என்பவர் இதனை எடுத்துரைத்தார். 1793ஆம் ஆண்டில் பிரெஸ்ற் நகரத்துத் துய்ரே என்னும் வைத்தியர், மலவாயில் இன்றிப் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெருங்குடலில் இத்தகைய வாயை அமைத்தார். அக்குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயதுவரை வாழ்ந்தது. சிறுகுடலில் இவ்வாறு வாயமைத்தவர்களுள் முன்னோடி டான்சிக் நகரத்து பௌம் என்பவர். 1879ஆம் ஆண்டில் அவர் செய்த சிகிச்சையால் நோயாளர் சில வாரங்களே வாழ்ந்தார். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் ஜோன் யங் பிறவுண் என்பவர் 1913ஆம் ஆண்டில், புண்ணுற்ற பெருங்குடலுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு இம்முறையைக் கையாண்டதை எடுத்துரைத்தார்.

பெருங்குடலில் அமைத்த வாய்க்கும் சிறுகுடலில் அமைத்த வாய்க்கும் பெரிய வேறுபாடு உண்டு. சிறுகுடலிலிருந்து வருவது இறுகிய கழிவன்று. இரவும் பகலும் ஓயாது ஒழுகும் நீர்மம். உணவைச் செரிக்கச் செய்யும் சாறுகள் அதிலே கலந்திருக்கின்றன. அவை தோலிற் பட்டால் தோலையே உணவெனக் கருதி அரித்துவிடும். அந்நாளிலே வயிற்றில் ஒட்டி நிற்கக்கூடிய பை எதுவும் இருக்கவில்லை. துணியும் பஞ்சும் வைத்துக் கட்டிய நோயாளர், தோல் வெந்து, நாற்றத்துக்கு அஞ்சி, அறையினுள் அடைபட்டுக் கிடந்தனர். இதனால் வைத்தியர்கள் இச்சிகிச்சையை இறுதிவரை ஒத்திப்போட்டனர். ஒத்திப்போட்டதனால் நோயாளர் மிக நலிந்த நிலையிலேயே சத்திரசிகிச்சைக்கு வந்தனர். வந்தவர்களிற் பலர் இறந்தனர். இறப்பைக் கண்டு வைத்தியர்கள் மேலும் அஞ்சினர். அச்சமும் தாமதமும் ஒன்றையொன்று வளர்த்தன.

இச்சுழலை உடைக்கும் முதல் முயற்சி ஒரு நோயாளரிடமிருந்தே வந்தது என்பது கருதத்தக்கது. சிக்காகோ நகரில் ஸ்ட்ராஸ் என்னும் வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற இரசாயன மாணவர் ஒருவர், தம் துன்பத்துக்குத் தாமே வழி தேடினார். இறப்பர்ப் பையொன்றை இறப்பர்ப் பாலினாலே தோலில் ஒட்டவைக்கும் அமைப்பை அவர் உருவாக்கினார். 1940களில் அது விற்பனைப் பொருளாகவும் வந்தது. கழிவைச் சிந்தாமல் ஏந்தும் பை கிடைத்தமையால் பலர் மீண்டும் வெளியுலகைக் கண்டனர்.

அடுத்த முன்னேற்றம் 1952ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலிருந்து வந்தது. அதுகாறும் குடலின் முனையை வெட்டியவாறே தோலுக்கு வெளியே நிறுத்திவிடுவர். உடலினுள் மறைந்திருக்க வேண்டிய குடலின் வெளிப்புறம் காற்றிலும் கழிவிலும் கிடந்து அழற்சியுற்று இறுகும். வாய் சுருங்கி, உள்ளே கழிவு தேங்கி, நோயாளர் வாடுவர். பிறையன் புறூக் என்னும் வைத்தியர், சட்டைக் கையை மடித்து விடுவது போலக் குடலின் முனையை வெளிப்புறமாக மடித்து, அதன் உட்தோலைப் புறத்தோலோடு சேர்த்துத் தைத்தார். இவ்வளவே அவர் செய்தது. தமது கட்டுரையிலும் இதற்கு அவர் சில வரிகளுக்கு மேல் ஒதுக்கவில்லை. ஆயின், இன்றளவும் உலகெங்கும் சிறுகுடல் வாய் இம்முறையிலேயே அமைக்கப்பட்டு வருகின்றது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரூபேட் டேர்ன்புல் என்னும் வைத்தியர், தோலைக் காக்கக் கராயா என்னும் பிசினைப் பயன்படுத்தினார். அது இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் ஒரு மரத்திலிருந்து வடிவது. ஈரத்தை உறிஞ்சிப் பசையாகித் தோலில் ஒட்டி நிற்கும் தன்மையால், அது வெந்த தோலுக்கு மருந்தும் பைக்குப் பசையுமாயிற்று. டேர்ன்புல்லிடம் சிகிச்சை பெற்ற நோர்மா கில் என்னும் பெண்மணி, 1958ஆம் ஆண்டு முதல் அதே வைத்தியசாலையில் ஏனைய நோயாளர்க்குப் பையைப் பேணும் முறையைக் கற்பிக்கலானார். அப்பணியைப் பிறர்க்குப் பயிற்றுவிக்கும் பாடசாலை 1961ஆம் ஆண்டில் அங்கே எழுந்தது. பிரித்தானியாவில் இந்நோயாளர் ஒன்றுகூடி 1956ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தை நிறுவினர். தனியறையில் நாணிக் கிடந்தோர் சங்கம் அமைத்துக் கூடினர் என்பது, சத்திரசிகிச்சையின் வெற்றிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இவ்வளவு முன்னேற்றம் கண்ட பின்னரும் ஒரு குறை எஞ்சியது. வெளிப்பை எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் அது வெளிப்பையே. அது நிறையும், சிலவேளை கழன்றுவிடும், உடையின் கீழே புடைத்துத் தோன்றும், சபை நடுவே ஒலி எழுப்பும். பலர் இதற்குப் பழகி நிறைவாகவே வாழ்ந்தனர். வேறு சிலரால் மனம் ஒப்ப இயலவில்லை. பெருங்குடலின் மூன்று பணிகளுள் உறிஞ்சும் பணியைக் காலப்போக்கில் சிறுகுடல் ஓரளவுக்கு ஏற்றுக்கொள்ளும். தேக்கும் பணியையும் காக்கும் பணியையும் ஏற்பதற்கு எதுவும் இல்லை. அவ்விரண்டையும் மீட்டுத்தர இயலுமா என்பதே நில்ஸ் கொக் எழுப்பிய வினா.

கொக் 1924ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்தின் யாக்கொப்ஸ்ராட் நகரிலே பிறந்தவர். சுவீடனுக்குச் சென்று கோதன்பேர்க் நகரத்துச் சால்கிறென்ஸ்கா வைத்தியசாலையில் பணியாற்றிப் பேராசிரியராக உயர்ந்தார். குடலின் அசைவுகளை ஆய்வுகூடத்திலே நெடுநாள் ஆராய்ந்தவர் அவர். சிறுநீர்ப்பையை இழந்தோர்க்குக் குடலினால் ஒரு பை அமைக்க இயலுமா என விலங்குகளிற் சோதனை செய்தபோதே, அந்தப் பை வேறொரு வகை நோயாளர்க்கும் உதவும் என்பது அவருக்குப் புலனாயிற்று.

குடலை அவ்வாறே ஒரு பையாகப் பயன்படுத்த இயலாது. அது ஒரு குழாய். அலையலையாகச் சுருங்கி, உள்ளிருப்பதை முன்னோக்கித் தள்ளுவதே அதன் தொழில். தள்ளும் இயல்புடைய ஒன்றைத் தேக்கும் இயல்புடையதாக மாற்றுவது எங்ஙனம்? கொக் கண்ட வழி எளியது. ஆயினும் ஆழ்ந்த அறிவின் பயன். குடலின் கடைப்பகுதியை வளைத்து அருகருகே வைத்து, நீளவாக்கிலே பிளந்து, விளிம்புகளை இணைத்து விரித்த துணி போல் ஆக்கினார். அதனைக் குறுக்காக மடித்து மீண்டும் தைத்துப் பையாக்கினார். இவ்வாறு செய்தபோது குடற்சுவரின் ஒரு பகுதி எழுப்பும் சுருக்கத்தை மற்றொரு பகுதி தணித்தது. அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கின. குழாய் உருண்டையாக மாறியமையால் கொள்ளளவும் மிகுந்தது. பை நிறைந்தாலும் அதனுள் அழுத்தம் பெரிதும் உயரவில்லை.

இப்பைக்கு ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளக் குடல் செலவாகும். அதன் வாயிற்பகுதிக்கு மேலும் 15 சென்ரிமீற்றர் வேண்டும். அமைத்த புதிதில் பை மிகச் சிறிதாக இருக்கும். சில மாதங்களில் விரிந்து அரை லீற்றரும் அதற்கு மேலும் கொள்ளும். வயிற்றின் கீழ்ப்பகுதியில், உடை மறைக்கும் இடத்தில், தோலோடு தோலாகப் படிந்த ஒரு சிறு துளை மட்டும் வெளியே தெரியும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை நோயாளர் அத்துளையினூடாக ஒரு குழாயைச் செலுத்திப் பையை வெறுமையாக்குவார். ஏனைய நேரத்தில் ஒரு துண்டுத் துணி அத்துளையை மூடியிருந்தாற் போதும்.

முதல் ஐந்து நோயாளரின் விவரத்தைக் கொக் 1969ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஆயின், குளம் அமைந்த அளவுக்கு மதகு அமையவில்லை. தொடக்கத்தில் வயிற்றுத் தசையினூடாக வாயிலைச் செலுத்தி, அத்தசையின் இறுக்கமே காவல் செய்யும் என அவர் எதிர்பார்த்தார். சிலரிடம் அது பயன்பட்டது, பலரிடம் ஒழுகியது. 1970களின் தொடக்கத்தில் அவர் வேறொரு வழியைக் கைக்கொண்டார். குழந்தைகளுக்குச் சிலவேளை குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதுண்டு. உயிருக்கே ஆபத்தான அந்நோயின் அமைப்பையே கொக் தமக்குப் பணியாளாக்கினார். வாயிற்குடலைப் பின்னோக்கிப் பைக்குள் தள்ளி, உட்புறமாக நீண்டு நிற்கும் ஒரு காம்பு போல அமைத்தார். பை நிறைய நிறைய அதன் அழுத்தம் அக்காம்பை நாற்புறமும் நெருக்கி மூடும். எந்த அழுத்தம் கழிவை வெளியே தள்ள முயல்கின்றதோ, அதே அழுத்தமே கதவையும் சாத்திவிடுகின்றது. இவ்வால்வு அமைந்த பின்னரே கொக்கின் பை உண்மையாக அடக்கவல்ல பையாயிற்று.

இச்செய்தி விரைவிற் பரவியது. அமெரிக்காவில் மேயோ வைத்தியநிலையமும் கிளீவ்லாந்து வைத்தியநிலையமும் இம்முறையைக் கைக்கொண்டன. இளம் நோயாளர் இதனை விரும்பி நாடினர். ஒரு வெற்றிக்கதை இவ்விடத்தில் நிறைவுற்றிருக்கலாம். ஆயின், ஆண்டுகள் கழியத் தொடங்கின.

மடித்த குடல் மடிந்தவாறே நிற்க விரும்புவதில்லை. அதற்கு இரத்தம் கொண்டுவரும் கொழுப்பு நிறைந்த சவ்வும் அக்காம்பினுள் அகப்பட்டிருப்பதால், நாளடைவில் காம்பு நழுவி வெளிப்புறமாக நிமிர்ந்துவிடும். நழுவினால் இருவகைத் துன்பம் ஒருங்கே நேரும். கதவு தளர்வதால் பை ஒழுகும். வாயிற்பாதை நீண்டு கோணுவதால் குழாயும் உட்செல்ல மறுக்கும். அடக்கவும் இயலாது, வெறுமையாக்கவும் இயலாது அவதியுறும் நோயாளர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படுவதன்றி வேறு வழியில்லை.

இதனைத் தடுக்க வைத்தியர்கள் பலவாறு முயன்றனர். சவ்வின் கொழுப்பை அகற்றினர்; காம்பை உலோகத் தையல்களால் இறுக்கினர்; பையின் சுவரோடு பிணைத்தனர். செயற்கை வலையொன்றால் கழுத்துப்பட்டை போலச் சுற்றியும் பார்த்தனர். அவ்வலை குடலை அரித்துத் துளையிட்டதால் அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் வில்லியம் பார்னெற் என்பவர், செயற்கைப் பொருளை விடுத்து நோயாளரின் உயிருள்ள குடலாலேயே வால்வைச் சுற்றிக் கழுத்துப்பட்டை அமைத்தார். இவையெல்லாம் பயனளித்தன, எனினும் குறையை முற்றாக நீக்கவில்லை.

வேறு துன்பங்களும் இருந்தன. தேங்கிய கழிவில் கிருமிகள் பெருகுவதால் பையின் உட்சுவர் அழற்சியுற்று, காய்ச்சலும் வயிற்றோட்டமும் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் மருந்துக்கு அது அடங்கும். கடைக்குடலைப் பைக்குச் செலவிட்டதனால் பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குன்றாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. குறோன் நோய் உடையோர்க்கு இப்பை பொதுவாகத் தகாது என்பதும் அனுபவத்தால் தெரிந்தது. அந்நோய் சிறுகுடலையும் பற்றுவதாகலின், பையிலும் மீண்டும் தோன்றக்கூடும். பையை இழக்க நேர்ந்தால், அதனோடு பெறுமதியான குடலும் இழக்கப்படும்.

இவ்வேளையில் மற்றொரு வழி திறந்தது. இலண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த அலன் பார்க்ஸ் என்பவரும் ஜோன் நிக்கொல்ஸ் என்பவரும் 1978ஆம் ஆண்டிலே புதியதொரு முறையை அறிவித்தனர். குடலாற் பையமைக்கும் வழியைக் கொக் ஏற்கெனவே காட்டியிருந்தார். அப்பையை வயிற்றுத் தோலுக்குக் கொணராமல், இயற்கையான வளைதசையோடு அவர்கள் இணைத்தனர். தேக்கும் பணியைப் பை செய்ய, காக்கும் பணியைப் பழைய தசையே செய்தது. துளையும் வேண்டியதில்லை, குழாயும் பெரும்பாலும் வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டில் யப்பானியராகிய உற்சுனோமியா இதன் பையை மேலும் எளிய வடிவிலே அமைத்துக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் உலகின் பெரும்பாலான வைத்தியசாலைகள் இம்முறைக்கு மாறின. கொக்கின் பையை அமைக்கவும் பழுது பார்க்கவும் அறிந்தோர் தொகை குன்றலாயிற்று. தன் மாணவனிடமே தோற்ற ஆசிரியனின் நிலையை அது அடைந்தது.

மறக்கப்பட்ட ஒன்றை மீண்டும் எடுத்து ஆராய்தல் அறிவுலகின் கடமைகளுள் ஒன்று. கொக்கின் பையைப் பெற்று இருபதும் முப்பதும் ஆண்டுகள் கழிந்தோரைத் தேடிச் சென்று வினவிய ஆய்வுகள் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஆய்வு 2003ஆம் ஆண்டில் வந்தது. 1972ஆம் ஆண்டு தொடக்கம் 2000ஆம் ஆண்டுவரை அங்கே பை அமைக்கப்பெற்ற 96 பேரை அது ஆராய்ந்தது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. எனினும், ஏறக்குறைய முப்பதாண்டு என்னும் நீண்ட அளவையில் பார்த்தபோதும் பத்தில் ஏழு பைகள் நிலைத்து நின்றன என அது கணித்தது.

கிளீவ்லாந்து வைத்தியநிலையத்தின் ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. 330 நோயாளரின் வரலாற்றை அது தொகுத்தது. பத்தாண்டு முடிவில் நூற்றுக்கு 87 பைகளும், இருபதாண்டு முடிவில் நூற்றுக்கு 77 பைகளும் நிலைத்திருந்தன. ஆயின், அந்நிலைபேற்றுக்குக் கொடுத்த விலையும் அவ்வாய்விலே மறைவின்றிக் கூறப்பட்டுள்ளது. சராசரியாக ஒவ்வொரு நோயாளரும் மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகப் பையின் திருத்தத்துக்கு உட்பட்டிருந்தார். ஒருமுறையும் திருத்தம் வேண்டாதவரும் இருந்தனர். பன்முறை கத்திக்கு உடன்பட்டவரும் இருந்தனர்.

இக்கணக்கை மட்டும் காண்பவர், இது தோல்வியுற்ற முறை என்றே தீர்ப்பளிப்பர். மூன்று முறை பழுது பார்க்க வேண்டிய வீட்டை எவர் விரும்பிக் கட்டுவர் என்று அவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின், அவ்வீட்டிலே வாழ்ந்தவர்களின் சொல்லைக் கேட்டபோது விடை வேறாயிற்று. பை நிலைத்திருந்தோரிற் பெரும்பாலோர் தம் வாழ்வு நிறைவுடையது என்றனர். பையை இழந்து வெளிப்பைக்குத் திரும்பியோரோ, பழகுவதிலும் தொழிலிலும் இல்வாழ்விலும் தமக்குத் தடைகள் உண்டென இருமடங்குக்கு மேலாக முறையிட்டனர். கோதன்பேர்க்கில் கொக்கின் காலத்திலேயே பை பெற்றவர்களை முப்பதாண்டு கழித்து வினவியபோதும், பெரும்பாலோர் பலமுறை திருத்தம் கண்டிருந்தும் தம் நிலையில் மனநிறைவே கொண்டிருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் திருத்தத்துக்கு உடன்பட்டவர்கள் அறியாமையால் உடன்பட்டவர்கள் அல்லர். பையை அகற்றிவிட்டு வெளிப்பையை அணியும் வழி அவர்கள் முன் எப்போதும் திறந்தே இருந்தது. அது ஆபத்துக் குறைந்த வழியுமாகும். கத்தியின் வேதனையையும் வைத்தியசாலையில் கழியும் நாள்களையும் நன்கறிந்திருந்தும், அவர்களிற் பலர் பழுது பார்க்கும் வழியையே தேர்ந்தனர். எது சிறு தொல்லை, எது பெருந்தொல்லை என்பதை அளக்கும் கோல் வைத்தியரின் கையில் இல்லை. அது நோயாளரின் கையிலேயே உள்ளது. அதே வேளை, வெளிப்பையோடு அமைதியாகவும் நிறைவாகவும் வாழும் பல்லாயிரவரை இழித்துக் கூறுதலும் தவறு. புறூக் அமைத்த வாயினால் அவர்கள் நீண்ட நாள் நலமாக வாழ்கின்றனர். ஒருவருக்குப் பொருந்துவது மற்றொருவருக்குப் பொருந்த வேண்டும் என்னும் விதி இல்லை.

நில்ஸ் கொக் 2011ஆம் ஆண்டில் காலமானார். அவர் அமைத்த பை இன்று மிகச் சில வைத்தியநிலையங்களிலேயே அமைக்கப்படுகின்றது. வளைதசை பழுதடைந்தோர், பார்க்ஸ் முறையிலமைந்த பையை இழந்தோர், வெளிப்பையை எவ்வகையிலும் ஏற்க இயலாதோர் ஆகியோர்க்கு அது இன்றும் ஒரு புகலிடமாக நிற்கின்றது. புதிய மருந்துகள் பல வந்துள்ளமையால், பெருங்குடலை அகற்ற வேண்டிய நிலையே சிலருக்கு நேராமற் போகின்றது. எனினும், கொக்கின் எண்ணம் அழிந்துவிடவில்லை. குடலைப் பிளந்து மடித்து அழுத்தம் குன்றிய பையாக்கலாம் என்னும் அவருடைய கொள்கை, பார்க்ஸின் பையிலே வாழ்கின்றது. புற்றுநோயால் சிறுநீர்ப்பையை இழந்தோர்க்கு அமைக்கப்படும் குடற்பைகளிலும் அது வாழ்கின்றது. சிறுநீர்ப்பைக்கென ஆய்வுகூடத்திலே தொடங்கிய அச்சிந்தனை, குடல் நோயாளரிடம் சென்று, 1982ஆம் ஆண்டில் கொக் வெளியிட்ட கட்டுரை மூலம் மீண்டும் சிறுநீர்ப்பைக்கே திரும்பி வந்தமை ஓர் இனிய பொருத்தம்.

வைத்தியத்தின் கூறுகள் நான்கு என வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவரை முதற்கண் வைத்து, அதன் பின்னரே தீர்ப்பவரையும் மருந்தையும் உடனிருந்து பேணுவோரையும் எண்ணினார். அவ்வரிசையின் பொருத்தத்தை இக்குடற்பையின் வரலாறு நன்கு விளக்குகின்றது. முதல் ஒட்டும் பையை உருவாக்கியவர் ஒரு நோயாளர். பேணும் கலையைப் பிறர்க்குக் கற்பித்தவர் ஒரு நோயாளர். நாணத்தை உடைத்துச் சங்கம் கண்டோர் நோயாளர். முப்பதாண்டு முடிவில் கொக்கின் பணிக்குத் தீர்ப்புக் கூறியவர்களும் நோயாளரே. உயிரைக் காத்தல் ஒரு பணி. காத்த உயிர் தலைநிமிர்ந்து வாழ வகைசெய்தல் மற்றொரு பணி. இவ்விரண்டாவது பணிக்குக் கணக்குத் தீர்க்கும் நாள், நோயாளர் வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளன்று; அவர் வாழும் நாளெல்லாம் அதற்குரிய நாளே ஆகும்.